கோட்டுக்கு வெளியே நின்ற வாரம்

கிரகரி தேயிலைத் தோட்டத்திலிருந்து தன் பெரியப்பா மகள் டோரீனைத் தேடித் தானா ராத்தா டவுனுக்கு வந்தபோது, தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ரஞ்சிதத்தையும் கூடவே அழைத்து வந்திருந்தான். சனிக்கிழமைக்குள் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்யும்படி தோட்ட மேனேஜரான துரை ரெங்கசாமி அவளுக்கு உத்தரவிட்டிருந்தார். அதற்குக் காரணம், தோட்டத்து ஆபீசுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டரில் கிரகரி எழுதிய புரோகிராம்.

டோரீன் அரசாங்க அலுவலகமொன்றில் புள்ளிவிவரம் பார்ப்பவள். அக்கம்பக்கத்தில் எது களவு போனாலும் ஜனங்கள் அவளிடம்தான் வருவார்கள்.

"ஆயாக் கொட்டகையில புள்ளைங்களுக்கு வாந்தி, வயித்துப்போக்கு, அக்கா," என்றான் கிரகரி. "ஒரு வருஷமாவே வந்து வந்து போவுது. இப்ப ஒரு கைக்குழந்தை ஆஸ்பத்திரியில கெடக்கு. துரை காரணம் கண்டுபிடின்னாரு. வாரா வாரம் ரஞ்சிதம் எத்தனை நாள் கொட்டகையில இருந்தாங்க, எத்தனை புள்ளைங்களுக்கு முடியல, ரெண்டையும் பேசிக் புரோகிராம்ல போட்டேன். ஒட்டுறவு எண் 0.8! ஒண்ணு ஏறுனா இன்னொண்ணும் ஏறுது. ரெண்டும் முழுசாப் பொருந்துனாலே எண் ஒண்ணுதான் வரும்."

சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் ரஞ்சிதம் நிற்பது அவனுக்கு உறைத்தது.

"நான் நிரந்தர ஆயா இல்லீங்க," என்றாள் அவள். "மணியம்மாவ வேற வேலைக்கு அனுப்புற அன்னிக்கு மட்டும் என்னைக் கூப்புடுவாங்க. அதே பாலு, அதே கஞ்சிதான். லயத்துல இப்ப யாரும் என்கிட்டப் பேசுறதில்ல."

டோரீன் தம்பியைப் பார்த்தாள். "ரெண்டும் சேந்து ஏறுதுன்னுதான் அந்த எண் சொல்லுது. ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு சொல்லல. புள்ளி வச்சுப் படம் போட்டுப் பாத்தியா?"

"எண்ணே வந்துருச்சு. படம் எதுக்குலா?"

மறுநாள் தோட்டத்து ஆபீசில் டோரீனும் ரஞ்சிதமும் பக்கத்தில் நிற்க, டோரீன் சொன்னபடி கிரகரி புரோகிராமில் சில வரிகள் சேர்த்தான். ஒவ்வொரு வாரமும் ஒரு புள்ளியாகத் திரையில் விழுந்தது. புள்ளிகளின் நடுவே போக்குக் கோடு ஏறியது: ரஞ்சிதம் ஒரு நாள் கூடுதலாக இருந்தால், நோயாளிப் பிள்ளைகள் இத்தனை பேர் கூடுவார்கள் என்று ஊகித்துச் சொல்லும் கோடு. எல்லாப் புள்ளிகளும் அதை ஒட்டியே நின்றன. ஒன்று மட்டும் வெகு கீழே தனியாகக் கிடந்தது.

"தப்பாப் பதிஞ்சிருக்கும். அழிச்சிடவா?"

"அழிக்காதே. கோட்டை ஒட்டி நிக்கிறதெல்லாம் ஒரே கதையத்தான் சொல்லும். விலகி நிக்கிறதைத்தான் விசாரிக்கணும்."

அந்த வாரம் முழுவதும் ரஞ்சிதம்தான் கொட்டகையில் இருந்தாள். ஆனால் ஒரு பிள்ளைக்குக்கூட உடம்புக்கு வரவில்லை.

"அது மணியம்மா மக பிரசவத்துக்கு ஈப்போ போன வாரம்," என்றாள் ரஞ்சிதம்.

"மத்த வாரங்கள்ல மணியம்மா எங்க போவாங்க?"

"மலையில பூச்சிமருந்து அடிக்க."

மருந்து அடிக்கும் ஆட்களுக்குக் கங்காணி தங்கராஜு. மருந்து ஸ்டோர் வாசலில் நின்றிருந்தவரிடம், மணியம்மா ஈப்போ போன வாரம் ஆட்களுக்கு என்ன வேலை என்று டோரீன் கேட்டாள்.

"அந்த வாரமா? ஓயாத மழைலா. ட்ரம்மு ஒண்ணுகூடக் கழுவல."

உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று கிரகரி திரும்பப் பார்த்தான். டோரீனோ அவனையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னாலிருந்த ஓடையோரமாக மேலே ஏறினாள். கொட்டகைக்குக் குடிதண்ணீர் போகும் தொட்டிக்குச் சற்று மேலே பாறைகளில் வெள்ளையாக ஏதோ படிந்து காய்ந்திருந்தது. குனிந்தவுடனே கிரகரிக்கு வாடை தெரிந்துவிட்டது. ஸ்டோரில் வீசுகிற அதே மருந்து வாடை. அவள் ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினாள்.

தண்ணீரில் பூச்சிமருந்து கலந்திருப்பதாக முடிவு வந்த அன்று துரையின் அறையில் எல்லோரும் கூடினார்கள்.

"மருந்து அடிக்கிற அன்னிக்கு மணியம்மா மலைக்குப் போவாங்க, அவுங்க எடத்துக்கு ரஞ்சிதம் வருவாங்க," என்றாள் டோரீன். "அதனாலதான் நோயும் ரஞ்சிதமும் சேந்தே வந்த மாதிரி தெரிஞ்சுது. மழை வாரத்துல ரஞ்சிதம் இருந்தாங்க, மருந்து இல்ல, நோயும் இல்ல. ஆனா கங்காணி, நான் கேட்டது என்ன வேலைன்னு. மருந்து அடிக்கலன்னு சொல்லாம, ட்ரம்மு கழுவலன்னு ஏன் சொன்னீங்க?"

தங்கராஜு தலையைக் குனிந்துகொண்டார். "மழையில மருந்து அடிக்க முடியாது, ட்ரம்மு கழுவுற தொல்லையும் இல்ல, அந்த நெனப்புல வாயில வந்துருச்சு. ஸ்டோர் பைப்பு ஒடஞ்சு ஒரு வருஷமாச்சு. துரைகிட்டச் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். வேற வழியில்லாம மருந்து ட்ரம்ம ஓடையில கழுவுனோம்."

துரை கிரகரி பக்கம் திரும்பினார். "மருந்து அடிச்ச நாளை வச்சு ஓட்டிப் பாத்தியா?"

"0.9ஐத் தாண்டுது துரை. அந்தப் புள்ளியும் கோட்டுக்கு வந்துருச்சு." கிரகரி டோரீனைப் பார்த்தான். "ஆனா இதுவும் வெறும் எண்தான். தண்ணியில மருந்து இருந்ததாலதான் நம்புறோம்."

வெளியேற்ற உத்தரவைத் துரை அங்கேயே ரத்துச் செய்தார். பைப்பும் அந்த வாரமே சரியானது.

திங்கட்கிழமை காலை ரஞ்சிதம் கொட்டகை வாசலில் நின்றாள். தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளியே நின்றார்கள். ஆபீசுக்குப் போகும் வழியில் கிரகரியும் நின்றுவிட்டான். அவர்கள் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூசியது.

ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு திரும்பியிருந்த இராசம்மா முன்னால் வந்து பிள்ளையை நீட்டினாள்.

ரஞ்சிதம் கை நீட்டவில்லை. "கம்ப்யூட்டர் என்னை நல்லவள்னு சொல்லிருச்சுன்னு குடுக்கிறியா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. பெரட்டுல பேரு குடுக்க நேரமாச்சு, புடி."

ரஞ்சிதம் குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போனாள்.