வண்டி ரெடி... டிரைவர் ரெடி...

செல்போன் அலறியது!

கடலூர் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் ஐ.சி.யூ. வாசலில் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்த நஜியா திடுக்கிட்டு எடுத்தாள்.

"தங்கச்சி, தில்லைநாதன் பேசுறேன். வண்டி ரெடி. டிரைவர் ரெடி. நீ கையெழுத்து போட வேண்டியதுதான் பாக்கி."

நஜியா போனைக் காதில் வைத்தபடியே உள்ளே பார்த்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாசர் கிடந்தான். அவள் கணவன். சிதம்பரத்தில் ஏ.சி. மெக்கானிக். ஏணியில் ஏறினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். இப்போது இடது முழங்காலுக்குக் கீழே இருப்பதைக் கால் என்று சொல்லவே அவளுக்கு வாய் வரவில்லை.

காலையில் டாக்டர் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கே ஆபரேஷன் பண்ணா கால காப்பாத்திடலாம்மா. நாளைக்குன்னா எடுத்துடற மாதிரி ஆயிடும். கவுன்டர்ல ரெண்டு லட்சம் கட்டிடுங்க."

ரெண்டு லட்சம்!

நகை எல்லாம் எப்போதோ அடகுக்குப் போய்விட்டது. சொந்தக்காரர்கள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நோன்பு மாதம். மூன்று நாளைக்கு முன் காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில் ஒன்றில் வேலையை முடித்துவிட்டு யாசர் பைக்கில் சிதம்பரம் திரும்பிக்கொண்டிருந்தான். இருட்டுகிற நேரம். ஏதோ ஒரு கார் அவனைத் தூக்கி வாய்க்காலில் எறிந்துவிட்டுப் பறந்துவிட்டது.

எந்தக் கார்?

பார்த்தவர் யாரும் இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் கயல்விழி இன்னும் தேடிக்கொண்டிருந்தார். யாசருக்குத் தலையிலும் அடி. கண்ணைத் திறப்பான், மூடுவான். பேச்சு மட்டும் வரவில்லை.

கார் கிடைக்காவிட்டால் இன்சூரன்ஸ் இல்லை. அரசாங்கம் கொடுக்கிற சொற்பம்தான், அதுவும் என்றைக்கோ!

அப்போதுதான் பழப் பையோடு வந்து நின்றார் தில்லைநாதன். கடலூர், சிதம்பரம் ஆஸ்பத்திரி வாசல்களில் அவருக்கு 'ஆக்ஸிடென்ட்' தில்லைநாதன் என்று பெயர். கேஸ் பிடித்து வக்கீலிடம் கொடுப்பது தொழில். தாடையில் வெள்ளைத் தாடி, நெற்றியில் பட்டையாக விபூதி, பேச்சில் சர்க்கரை.

"எங்க இருக்கீங்கண்ணே?" நஜியா கேட்டாள்.

"மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதுத்தாப்ல டீக்கடை. வா."

*

"ஒரு டீ சாப்பிடு தங்கச்சி."

"நோன்புண்ணே."

"அட, மறந்தே போச்சு." தில்லைநாதன் தன் டீயை உறிஞ்சினார். "பஸ்ல தொங்கிக்கிட்டு வந்தேன். கார் பட்டறையில கெடக்குது. சரி, விஷயத்துக்கு வருவோம். இன்சூரன்ஸ் கரெக்டா இருக்குற ஒரு வண்டி பேசிட்டேன். நான்தான் இடிச்சேன்னு சரண்டர் ஆவ எங்க ஊரு பையன் ஒருத்தன் இருக்கான். பொழுது சாயறதுக்குள்ள நீ பேப்பர்ல கையெழுத்து போட்டுட்டா, நாளைக்கு அவன் ஸ்டேஷனுக்குப் போயிடுவான். அந்த எஸ்.ஐ. அம்மாவும் ஊரெல்லாம் கார் தேடி அலைய வேணாம் பாரு."

"இது பொய்க் கேசு இல்லையாண்ணே? ஹராமான காசு."

"கேசு பொய். கால் போறது நெசந்தானே?"

நஜியாவுக்குக் கண் நிறைந்தது.

"ஆபரேஷனுக்கு நானே கட்றேன். அப்பறம் வர்றதுல பாதி எனக்கு."

"பாதி ஜாஸ்திண்ணே. அவருக்கு இனிமே ஏணி ஏற முடியுமோ என்னவோ. ஆயுசுக்கும் அந்தக் காசுதான். மூணுல ஒண்ணு எடுத்துக்குங்க."

"பாதி. இஷ்டம் இல்லன்னா வுட்டுடு. ஆபரேஷன் இன்னைக்கா நாளைக்கான்னு டாக்டரையே கேட்டுக்க."

அவள் தலை குனிந்தது. வேறு கதி இல்லை.

"பாதியே எடுத்துக்குங்கண்ணே."

தில்லைநாதன் திருப்தியாகக் கிளாஸை வைத்தார். அவர் போன் அடித்தது. எடுத்ததுமே எரிந்து விழுந்தார்.

"இன்னும் பெயிண்ட் அடிக்கலையா? மேல்பட்டாம்பாக்கத்துல உன்ன நம்பி வண்டிய வுட்டேன் பாரு, என்னச் சொல்லணும். சீக்கிரம் முடிய்யா." கட் செய்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இப்ப கவனமா கேளு. எஃப்.ஐ.ஆர்.ல உன் வூட்டுக்காரர் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தார்னு எழுதியிருக்காங்க. இன்சூரன்ஸ் வக்கீல் அதத்தான் புடிப்பான். பாதி தப்பு உங்க மேலன்னு சொல்லி பாதிப் பணத்த வெட்டிடுவான்."

"அப்ப என்ன சொல்றது?"

"அவர் ஓட்டவே இல்ல. ரோட்ட விட்டு எறங்கி, பைக்க ஸ்டாண்டு போட்டுட்டாரு. நோன்பு தொறக்குற நேரம். பைக்குக்குப் பின்னால ஓரமா குந்திக்கிட்டு தண்ணி குடிச்சாரு. அப்ப வந்து இடிச்சான். முழுத் தப்பும் கார்க்காரன் மேல. முழுப் பணமும் வரும். எப்புடி?"

நஜியா அவரையே பார்த்தாள்.

பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பசி என்று நினைத்துக்கொண்டார் தில்லைநாதன்.

"எனக்கு இவ்ளோ நெனப்பு இருக்காதுண்ணே. கோர்ட்டுல ஒளறிக் கொட்டிடுவேன். என் போன்ல பேசிக் குடுங்க, கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

"நல்ல ஐடியா." போனை வாங்கி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தில்லைநாதன் ஆதியோடு அந்தமாகச் சொன்னார். புளியமரம், வாய்க்கால் மதகு, ஸ்டாண்டு போட்ட பைக், குந்திக் குடித்த தண்ணீர்... ஒன்றையும் விடவில்லை!

"ஒரே ஒரு விஷயம்ணே," என்றாள் நஜியா. "மொதல்ல ஆஸ்பத்திரில காசக் கட்டுங்க. அவரத் தியேட்டருக்குள்ள கொண்டு போவட்டும். வெளிய வந்த பின்னாடிதான் கையெழுத்து."

"என்னை நம்பலையா தங்கச்சி?"

"யாரையும் நம்புற நெலமையில நான் இல்லண்ணே."

*

பணம் கட்டியாயிற்று. யாசரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். தியேட்டர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

அது எரிந்துகொண்டே இருந்தது...

நஜியாவின் உதடுகள் துஆ கேட்டபடியே இருந்தன. யா அல்லாஹ், அந்தக் காலை மட்டும் விட்டுவை!

தில்லைநாதன் நிலைகொள்ளாமல் நடந்தார். வக்கீல் கொடுத்த பேப்பர்கள் கக்கத்து வியர்வையில் நனைந்தன.

வெளியே வெயில் தணிந்தது. எங்கோ பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது.

நஜியா கைப்பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தாள். தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். பெஞ்சு நிரம்பியிருந்தது. இடம் தேடவில்லை. அப்படியே தரையில் குந்தி, பழத்தை வாயில் போட்டு, மூன்று மடக்காகத் தண்ணீர் குடித்தாள்.

தில்லைநாதன் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் தங்கச்சி, நின்னுக்கிட்டே குடிக்க வேண்டியதுதானே?"

நஜியா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாங்க தண்ணிய நின்னுக்கிட்டு குடிக்கிறது இல்லண்ணே. எம்மாம் அவசரமா இருந்தாலும் குந்திதான் குடிக்கணும். அவரு அதுல ரொம்ப கறார்."

"சரி..."

"நீங்க பொய் சொல்லிக் குடுத்தீங்க. கத கட்டுற ஆளு, வண்டிய நிறுத்திட்டு நின்னு குடிச்சார்னுதான் சொல்லுவான். நீங்க இப்ப என்னைக் கேட்டீங்களே, அந்த மாதிரி. எங்க வழக்கம் தெரியாத உங்களுக்கு, அவரு குந்தியிருந்தது எப்புடிண்ணே தெரியும்?"

தில்லைநாதனின் விபூதிப் பட்டை வியர்வையில் கரைந்தது.

"அது... சும்மா ஒரு இதுக்கு..."

"சும்மா ஒரு இதுக்கா, சார்?"

குரல் பின்னாலிருந்து வந்தது. மாத்திரைக் கவுன்டர் அருகே சுடிதாரில் நின்றிருந்த பெண் நெருங்கி வந்தார். சப்-இன்ஸ்பெக்டர் கயல்விழி!

"மத்தியானமே இவங்க உங்க வாய்ஸ அனுப்பி, பட்டறைப் பேச்சையும் சொல்லிட்டாங்க. மேல்பட்டாம்பாக்கம் பட்டறைக்குப் போயிட்டுத்தான் வர்றேன். உங்க கார் முன்பக்கம் நல்லாத்தான் அடி வாங்கியிருக்கு. பம்பர் இடுக்குல நீலக் கலர்ல ஒரு வார் சுத்திக்கிட்டு இருந்துச்சு."

நஜியா கைப்பையிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் யாசரின் சாமான்களோடு கொண்டுவந்து கொடுத்தது. நசுங்கிப்போன நீல பாட்டில். வார் அறுந்திருந்தது.

"இதோடதுதான் மேடம்."

தில்லைநாதன் (இனி என்ன மரியாதை!) இரண்டடி பின்னால் நகர்ந்தான். அங்கே ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார்.

"இடிச்சதும் நீங்க. அவர வாய்க்கால்ல போட்டுட்டு ஓடுனதும் நீங்க. வேற ஒருத்தன சரண்டர் பண்ண வெச்சு என் தேடலையும் நிறுத்திட்டு, அந்தக் காசுல பாதியும் கேட்டீங்க பாருங்க..." கயல்விழி தலையை ஆட்டினார். "ஏன் சார், ஆளு உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"போன் பேசிக்கிட்டு வந்தேன் மேடம். பைக்குக்குப் பின்னால கீழ குந்தி தண்ணி குடிச்சா, கிட்ட வர்ற வரைக்கும் எப்புடித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது.

நஜியாவின் கண்ணில் அடக்கிவைத்த அழுகை இப்போது வழிந்தது. இந்த மனிதன் வாங்கிவந்த பழத்தை ஆண்டவன் அனுப்பியது என்றல்லவா நினைத்தாள்!

தியேட்டர் கதவு திறந்தது. நர்ஸ் முகக்கவசத்தை இறக்கினாள்.

"யாசர் அட்டெண்டர் யாரு? கால் தப்பிச்சிருச்சும்மா. நடக்க நாளாகும். ஆனா நடப்பாரு."

நஜியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"மேடம்... அந்தக் காருக்கு இன்சூரன்ஸ் இருக்குதா?"

"பக்காவா இருக்கு. நின்ன வண்டிப் பக்கத்துல குந்தியிருந்தவர இடிச்சிருக்கு. முழுப் பணம் கேக்கலாம். யாருக்கும் பாதி தர வேணாம்."

"மேடம், நான் கட்டுன ரெண்டு லட்சம்..." போலீஸ்காரரின் பிடியில் தில்லைநாதன் இழுத்தான்.

நஜியா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"வண்டி ரெடி, டிரைவர் ரெடின்னு சொன்னீங்களே, சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. நீங்க புடிச்ச கேசுலயே வண்டியும் டிரைவரும் அசலா இருக்குறது இது ஒண்ணுதாண்ணே. கமிஷன் மட்டும் எதிர்பாக்காதீங்க."