ஐந்தாவது வரிசை

மார்த்தாவின் அட்டவணையில் நான்கு வரிசைகள்தான் இருக்க வேண்டும். ஐந்து இருந்தன.

தைப்பூச விடுமுறை. கீழே டத்தோ கிராமாட் சாலையில் உறுமி அதிர, தேருக்கு முன்னால் உடைத்த தேங்காய்களின் ஈர வாடையும் சூடப் புகையும் ஜன்னல் வழியே ஏறி வர, ஆய்வகத்தில் அவளும் ஆறு வயது மகள் ஷெரிலும் மட்டுமே இருந்தார்கள். மனசு உறுத்தல் தாங்காமல்தான் வந்திருந்தாள், பாவி.

போன மாதம் முடிந்தது அந்தச் சோதனை. சிரப் என்ற சிவப்பு இனிப்புப் பானத்தின் சாயத்தை, காதில் துளை குத்தி எண்ணிட்ட எலிகளை நான்கு குழுவாகப் பிரித்து அவற்றுக்குக் கொடுத்தார்கள்: சாயமே இல்லாமல், கொஞ்சம், நடுத்தரம், அதிகம். அளவு ஏற ஏறப் புற்றுக்கட்டியும் ஏறுகிறதா என்று கணக்குப் பார்ப்பது மார்த்தாவின் வேலை. அதிகம் தின்ற எலிகளில் பாதி, கட்டி வரும் வயதுக்கு முன்பே செத்துப்போயின. அவற்றை முழு ஆயுள் வாழ்ந்தவையாக எண்ணக்கூடாது. வாழ்ந்த நாளுக்குத் தக்கபடிதான் எண்ண வேண்டும். அவளுக்குத் தெரியாதா என்ன?

"அதெல்லாம் வேணாம்லா, சும்மா நேரா போடு," என்றார் மேலாளர் பால்ராஜ்.

எல்லா எலிகளையும் ஒன்றுபோல எண்ணி நேராகப் போட்டாள். ஏற வேண்டிய கோடு படுத்துக்கொண்டது. கையெழுத்தும் போட்டாள். சிரப் கடைகளுக்கு வந்துவிட்டது. ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டியை ஷெரில்தான் தினமும் குடித்துத் தீர்த்தாள்.

இன்று ஒழுங்காகப் போட்டாள். கோடு விறுவிறுவென்று ஏறியது. அதற்குக் கீழே ஐந்தாவது வரிசை: பெண், ஒன்று, எடை பதினெட்டு கிலோ.

எந்த எலி பதினெட்டு கிலோ இருக்கும்? அழித்தாள். திரும்ப வந்தது. எடை பதினேழு.

தேர் கடந்து, மேளம் தேய்ந்த பிறகுதான் மேல்மாடியில் கம்பியைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. அங்கே எலிக் கூண்டுகளைக் கழுவிக் கவிழ்த்து மூன்று வாரமாகிறது. மரத்தூள் வாடை. மூத்திர வாடை. ஷெரில் உட்கார்ந்திருந்த பக்கத்து நாற்காலி காலி.

படியில் சின்னக் காலடிகள்.

"ஷெரில்? எங்கடி போன?"

"மேலேம்மா. அங்க ஒரு அக்கா எனக்கு நம்பர் போட்டு விட்டாங்க. வலிக்கவே இல்ல."

திரையில் எடை பதினாறு.

குழந்தை சிரித்தாள். பல்லெல்லாம் சிவப்பு. முடியை ஒதுக்கித் தலையைத் திருப்பிக் காட்டினாள். தோட்டுக்கு மேலே, காதின் விளிம்பில், ரத்தமே இல்லாத வட்டத் துளை. அதன் வழியே ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.