பின்னோக்கி ஓடிய மீட்டர்

மத்தியானச் சோறு தின்று கை கழுவும் நேரத்துக்கு அந்தக் கறுப்பு அம்பாசிடர் பழங்காநத்தத்துத் தெருவுக்குள் நுழைந்து பால்பாண்டியின் கடை வாசலில் வந்து நின்றது. கடை என்ன பெரிய கடை, வீட்டின் முன்னறைதான். ஒரு பக்கம் அவன் ஸ்பீடாமீட்டர் பிரிக்கும் மேஜை. மறுபக்கம் அவன் பெண்டாட்டி ஜெயக்கொடியின் தையல் மிஷின். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷத்துச் சித்திரை வெயில் தகரக் கூரையைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது.

வண்டியிலிருந்து இறங்கியவர் புரோக்கர் சொக்கநாதன். பழைய கார் வாங்கி விற்பவர். ஓடிய கிலோமீட்டரைப் பாதியாகக் குறைத்துக் காட்ட வேண்டும், திருநகர்க்காரர் ஒருவர் சாயங்காலமே பார்க்க வருகிறார் என்று பறந்தார். யோக்கியமான வேலையா என்றால் இல்லைதான். ஆனால் பால்பாண்டியின் பிழைப்பில் பாதி இதில்தான் ஓடியது.

அந்தத் திருட்டு வேலைக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆளை அடித்த வண்டியின் மீட்டரைப் பின்னோக்கி ஓட்டவே கூடாது. எண் சக்கரங்களைக் கழற்றி, ஒவ்வொன்றாகக் கையால் திருப்பித்தான் வைக்க வேண்டும். ஓட்டினால் வண்டி வந்த பாதையிலேயே திரும்பிப் போகும், செத்தவர் கிடக்கிற இடத்தையும் மறுபடி தாண்டும் என்று அந்தத் தொழிலில் உள்ளவர்கள் பயப்படுவார்கள்.

"ஆளு கீளு அடிச்ச வண்டியாண்ணே?"

"ஆத்தா மீனாட்சி சத்தியமா இல்ல மாப்ள," என்றார் சொக்கநாதன், வண்டியைத் திரும்பிப் பார்க்காமல். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி நழுவினார்.

பால்பாண்டி மீட்டரையும் அதன் கேபிளையும் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்தான். விளிம்பு வளையத்தை நெம்பி, கண்ணாடியை எடுத்தான். அறுபது என்ற எண்ணின் மேல் வேகம் காட்டும் முள்ளின் சிவப்புச் சாயம் பொட்டுப்போல ஒட்டியிருந்தது. வண்டி எதிலாவது பலமாக மோதினால்தான் முள் அப்படி முகப்பில் போய் அடிக்கும். அவனுக்கு அது நன்றாகத் தெரியும். எருமையாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். கேடு வரும் பின்னே, மதி கெட்டு வரும் முன்னே என்பது சும்மா இல்லை. எப்போதும் கேபிளின் உள்கம்பியை உருவி மண்ணெண்ணெயில் கழுவுகிறவன், நேரமில்லை என்று அதையும் விட்டுவிட்டான்.

கேபிளின் ஒரு முனை மீட்டரில், மறுமுனை தையல் மிஷின் சக்கரத்தில். ஜெயக்கொடி பின்பக்கமாக மிதித்தால் எண்கள் குறையும். அவளைப் போல் நிற்காமல் பின்மிதி மிதிக்க ஆள் கிடையாது.

"வந்தவரு மூஞ்சியே சரியில்ல மாமா," என்றாள்.

"அவரு மூஞ்சியவா ரிப்பேர் பாக்கப் போறோம்? மிதி."

சிரித்துக்கொண்டே மிதித்தாள். பிள்ளையில்லாத வீடு அது. அவனுக்கு உலகத்தில் அவள் ஒருத்திதான். அந்த மிதிச் சத்தம் கேட்டால்தான் அவனுக்குக் கை வேலையே ஓடும்.

எண்கள் மளமளவென்று இறங்கின. கம்பி பின்னோக்கிச் சுற்றும்போது முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடக்கும். எழவே முடியாது. அந்த இயந்திரத்தின் அமைப்பு அப்படி.

முள் எழுந்தது.

இருபது. நாற்பது. அறுபதில் போய் விறைத்து நின்றது.

கருகிய ரப்பர் வாடை அடித்தது. கூடவே வாடிய பிச்சிப்பூ வாடை.

"நிறுத்து," என்றான் பால்பாண்டி.

"நான் எப்பவோ காலை எடுத்துட்டேன் மாமா."

மிதிபலகை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

கேபிள் உறையின் வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வழிந்தது. நூலாக இருக்கும் என்று நினைத்தான். முடி. ஈரமான, நீளமான பொம்பளை முடி. வண்டியின் அடிவயிற்றோடு ஓடுகிற கேபிள் அது. அடியில் மாட்டி இழுபட்டவளின் கூந்தல் அதில் சுற்றிக் கிடந்திருக்கிறது. அது இப்போது பாம்பாய் ஊர்ந்து போய் ஜெயக்கொடியின் சடையில் ஏறியது.

ஒரே இழுப்பு.

அவள் முகம் இரும்புச் சக்கரத்தில் போய் மோதியது. மூக்கு உடைந்து ரத்தம் துணியெல்லாம் தெறித்தது. நாற்காலி கவிழ்ந்தது. கீழே விழுந்தவளைக் கூந்தல் தரையோடு தரையாக இழுத்து மறுபடி மறுபடி மிஷின் காலில் அறைந்தது. பால்பாண்டி அந்த முடியைப் பிடித்து இழுத்தான். அது அவன் விரல்களைச் சுற்றி இறுக்கியது. சுண்டுவிரல் துண்டாகித் தரையில் விழுந்ததைப் பார்த்தான். வலி தெரியவில்லை. அவள் செத்துவிடுவாளே என்கிற பயம் ஒன்றுதான் இருந்தது. தகரம் வெட்டும் கத்தரியை மறுகையால் எடுத்து, அவள் சடையைப் பிடரியோடு ஒட்ட நறுக்கினான்.

மிதிபலகை நின்றது.

பெரியாஸ்பத்திரியில் அவளைக் கவிழ்த்துப் போட்ட நர்ஸ் சோலையம்மாள், இவனை முறைத்தாள். முதுகெல்லாம் தோல் உரிந்து, சதைக்குள் தாரும் சரளைக்கல்லும் புதைந்திருந்தன. எந்த ரோட்டில் அடிபட்டது, வண்டி எது என்று கேட்டாள். வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில்தான் விழுந்தாள் என்று பால்பாண்டி சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை. கல்லையெல்லாம் இடுக்கியால் பிடுங்கித் தட்டில் போட்டாள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னபோது பால்பாண்டி கட்டுப்போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான்.

மறுநாள் காலையில் ஜெயக்கொடி கண் விழித்தாள்.

அவன் சந்தோஷம் தாங்காமல் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவனை மாமா என்பதைத் தவிர வேறு வார்த்தையில் கூப்பிடாதவள், அறியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். உதடு அசைந்தது. காதைப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"நிறுத்துங்கண்ணே... நான் இன்னும் வண்டிக்கு அடியிலதான் கெடக்கேன்."