ஐயோ, போச்சே!

வாயாடிக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

"பந்து! எங்க, சொல்லு பார்க்கலாம். ப...ந்...து!"

அவள் நீட்டிய பந்துப் படத்தைத் தம்பி வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"ம்," என்றான்.

இந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டே அவன் மூன்று வயதை ஓட்டிவிட்டான். அடுத்த வாரம் மழலையர் பள்ளிக்குப் போகிறான். அங்கே தாகம் எடுத்தால் எப்படிக் கேட்பான்? "ம்" என்றால் டீச்சருக்கு என்ன புரியும்? வாயாடிக்குக் கவலை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"அம்மா, இவன் வேணும்னே பண்றான்!"

தையல் மெஷினிலிருந்து அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "குட்டி, பசிக்குதாடா?"

"பசிக்கலம்மா. இப்பதானே பழம் சாப்பிட்டான்," என்றாள் வாயாடி.

"நான் உன்னையா கேட்டேன்?"

வாயாடிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சரி, இனிமே நான் வாயே திறக்கல. போதுமா?"

உதட்டை இறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

தம்பி காலி நூல்கண்டு ஒன்றை உருட்டிவிட்டான். அது உருண்டு மெஷினுக்கு அடியில் மறைந்தது. வழக்கமாக அப்போது வாயாடி, "ஐயோ, போச்சே!" என்று கத்துவாள். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். இன்று சத்தத்தையே காணோம்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கன்னத்தைத் தட்டினான். வாயைப் பிடித்துத் திறக்கப் பார்த்தான். அவளுக்கோ நாக்கு நமநமத்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

கடைசியில் பொறுமை போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவனே கத்தினான்.

"ஐயோ! போச்சே!"

மெஷின் நின்றது.

"யாரு பேசினது?" என்றாள் அம்மா.

வாயாடி தம்பியைக் காட்டினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் பேச வேண்டியதையெல்லாம் இவளே பேசித் தீர்த்திருக்கிறாள். பாவம், அவனுக்கு நடுவில் இடமே கிடைக்கவில்லை.

படங்கள் அலமாரிக்குப் போயின. நூல்கண்டுகள்தான் இனி விளையாட்டு. அவள் உருட்டுவதற்குக் கையை ஓங்கி, அப்படியே நிறுத்துவாள். அவன் "விடு!" என்றால்தான் விடுவாள். ஒரு நூல்கண்டைத் தூக்கிக் காட்டி, "இவருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். காத்திருப்பது என்ன லேசா! பதில் வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

பள்ளி திறந்த அன்று அம்மாவும் வாயாடியும் தம்பியை அழைத்துப்போனார்கள். வாசலில் டீச்சர் குனிந்து, "உனக்கு என்னடா வேணும், கண்ணா?" என்று கேட்டார்.

வாயாடி வாயைத் திறந்தாள். சட்டென்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

தம்பி நிதானமாக யோசித்தான்.

"தண்ணி," என்றான்.

குடித்து முடித்தான். அக்கா இன்னும் வாசலிலேயே நிற்பதைப் பார்த்தான்.

"அக்கா, போ!"

"பாரும்மா! இத்தனை நாள் வாயத் திறக்காதவன், திறந்ததும் என்னையே விரட்டுறான்!"

தெரு முழுக்கப் பொரிந்து தள்ளிக்கொண்டே நடந்தாள் வாயாடி. எதிரில் வந்தவர்களிடமெல்லாம் அவன் எப்படிச் சொன்னான் என்று அவன் குரலிலேயே சொல்லியும் காட்டினாள்.