குரல் போகும் வழி

எல்லாவற்றையும் மூடிய பிறகும் ரூட்டரின் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

லாரசதி முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. காலையிலிருந்து பள்ளிப் பாடங்களுக்குக் குரல் கொடுத்து, பதிவுகளை அனுப்பிவிட்டு அப்போதுதான் நிமிர்ந்திருந்தாள். செமாராங் நகரின் வடகோடியில், கடல்நீர் அவ்வப்போது தெருவேறி வந்து போகும் பகுதியில் இருந்தது அந்த வாடகை வீடு. அதன் முன்னறையில் சுவரெங்கும் பழைய மெத்தைகளைச் சாத்தி, வெளிச்சத்தம் உள்ளே வராதபடி அவளே அமைத்துக்கொண்ட பதிவு அறை. கணவனுக்குக் கடல் தாண்டிக் காலிமந்தான் சுரங்கத்தில் வேலை. வீட்டில் அவளும், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் கினானும்தான்.

வெளியே மத்தியான மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தம் மெத்தைகளைத் தாண்டி வரும்போது யாரோ பக்கத்து அறையில் அரிசி புடைப்பதுபோல் மெல்லியதாகிவிட்டிருந்தது. மெத்தைகளின் ஈர வாடை, சாக்கடையோடு கலந்த உப்புநீரின் வாடை, அடுக்களையில் மகளுக்காகப் பொரித்து மூடி வைத்திருந்த தெம்பே சோயா வில்லைகளின் எண்ணெய் வாசம், எல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் தேங்கி நின்றன. கணினியில் ஒன்றுமே திறந்திருக்கவில்லை. ஆனால் அதன் விசிறி, மாடியேறி வந்தவரின் மூச்சுபோல இரைந்துகொண்டிருந்தது.

சுரபயாவில் இணைய வேலை பார்க்கும் தம்பி பிமோவைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"டேய், என் கம்ப்யூட்டர் யாருக்கோ என்னமோ அனுப்பிக்கிட்டே இருக்குடா."

"யாருக்கு? மாமா ஊர்ல இல்லாத நேரமாப் பாத்து எவனையாச்சும் பிடிச்சிருக்கியாக்கா?"

"செருப்பு பிஞ்சிரும்."

பிமோ சிரித்தான். "பயப்படாத. அதுவா அப்டேட் பண்ணிக்கும். போட்டோவெல்லாம் கொண்டுபோய் எங்கயாச்சும் சேத்து வைக்கும். முக்காவாசி இதாத்தான் இருக்கும். ஆமா, உன் குரல் ஏன் இப்படிக் கம்மிப் போயிருக்கு? சளியா?"

"ஒரு வாரமா இப்படித்தான். நாள் பூரா படிக்கிறேன்ல."

அவன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தாள். அப்டேட், படங்களைச் சேமிப்பது, வைரஸ் தேடுவது. எது எவ்வளவு அனுப்புகிறது என்று காட்டும் பட்டியலில் எல்லாம் பூஜ்யத்துக்கு இறங்கின. கடைசி வரி மட்டும் இறங்கவில்லை. அந்த வரிக்குப் பெயரே இல்லை.

"பேரில்லாம ஒண்ணு ஓடுதுடா."

சொல்லும்போதே அந்த வரியின் எண் விறுவிறுவென்று ஏறியது. பேச்சை நிறுத்தினாள். இறங்கியது. ஒரு முறை தொண்டையைச் செருமினாள். ஏறியது.

"நான் பேசினா ஏறுது."

"அப்ப எவனோ மைக் வழியா ஒட்டுக் கேக்கறான். மைக்கைப் பிடுங்கிடு."

பிடுங்கினாள். வயரைக் கையில் சுற்றிக்கொண்டே, "பிடுங்கிட்டேன்" என்றாள்.

எண் ஏறியது.

பிமோ இப்போது சிரிக்கவில்லை. தான் அனுப்பும் சின்ன மென்பொருள் ஒன்றை இறக்கி ஓடவிடச் சொன்னான். தரவு போகிற இடத்தை அது காட்டும் என்றான். கணினித் திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. அவள் அவற்றை வாசித்துக் காட்டினாள்.

"அக்கா, இது வெளிய எங்கயுமே போகல. ரூட்டர் வரைக்கும் போய், திரும்ப உங்க வீட்டுக்குள்ளயே வருது. அங்க வேற என்ன இருக்கு? டிவி? பழைய போன்?"

"டிவியை நேத்தே கழட்டி ரிப்பேருக்குக் குடுத்தாச்சு. இந்தப் போன் வைஃபையில கிடையாது. வேற ஒண்ணுமில்லடா."

"ஏதோ ஒண்ணு இருக்கு. கேட்டுக்கிட்டு இருக்கு." அதற்குள் திரையில் புதிதாக ஓடிய வரியையும் அவள் வாசித்துக் காட்டினாள். "இப்ப பதிலுக்கு அதுவும் ஏதோ அனுப்புது பாரு. வர்றது சத்தம்தான்னு நினைக்கிறேன். ஹெட்போனைப் போட்டுக் கேளு."

மாட்டிக்கொண்டாள். மழைச் சத்தம் அறுந்து போயிற்று.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு, வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒருவர் பேச முயல்வதுபோல ஒரு கொப்பளிப்பு. அது ஓய்ந்து, மூச்சிழுக்கும் சத்தம். இழுக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், சொல்லின் நட்டநடுவில்.

"கி... னா."

அவள் விரல்கள் மேசை விளிம்பில் இறுகின.

"கினா. கினா... ன். கினான்."

அவளுடைய குரல். பாடங்களுக்குத் தரும் குரல் அல்ல. மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பும்போது மட்டும் வரும் குரல். அதை அவள் ஒருநாளும் பதிவு செய்ததில்லை. அது அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தது. பிசகினால் திரும்பச் சொன்னது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருந்தியது.

"கினான், வந்துட்டியா கண்ணு?"

இந்த முறை பிசகே இல்லை.

ஹெட்போனைப் பிய்த்தெறிந்தாள். "பிமோ," என்றாள். காற்றுதான் வந்தது.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

மறுபடி முயன்றாள். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. சத்தம் இல்லை.

"அக்கா, என்னாச்சு? ஏதாச்சும் பேசு!"

குனிந்து சுவரிலிருந்த வயர்கள் அத்தனையையும் உருவினாள். கணினித் திரை அணைந்தது. விசிறி நின்றது. ரூட்டரின் விளக்கும் செத்தது. அறை இருண்டு, ஒரு கணம், எல்லாம் முடிந்துபோனதுபோல் இருந்தது.

வாசலில் பைக் ஹாரன். பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வரும் பைக்காரர்.

கேட்டின் தாழ் உராய்ந்தது. லாரசதி கதவுக்குப் பாய்ந்தாள். மெத்தை ஒன்று சரிந்து கதவின் குறுக்கே விழுந்தது. இழுத்தாள். ஈரத்தில் ஊறிப் பிணம்போல் கனத்தது.

அடுக்களையிலிருந்து ஒரு குரல்.

"கினான், வந்துட்டியா கண்ணு? ஓடி வா, தலையெல்லாம் நனைஞ்சிருக்கும்."

"இதோ வந்துட்டேம்மா!"

ஈரக் கால்கள் அறைக் கதவைத் தாண்டி ஓடின. லாரசதி வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். வெறும் காற்று. மெத்தையை மிதித்துத் தள்ளினாள். கதவைத் திறந்தாள். ஓடினாள்.

அடுக்களை வாசல்.

உள்ளே மழையிருட்டு. பின்கதவு திறந்து கிடந்தது. தரையில் கணுக்கால் அளவுக்குக் கடல்நீர் வந்து நின்றது. அதன் நடுவே கினான், சீருடையோடு, தலையை நிமிர்த்திச் சிரித்தபடி நின்றாள். இருட்டிலிருந்து நீண்டிருந்த இரண்டு கைகள் துண்டால் அவள் தலையைப் பொறுமையாகத் துவட்டிக்கொண்டிருந்தன. கைகளுக்கு மேலே எதுவும் தெரியவில்லை.

"இரு கண்ணு, அசையாத," என்றது லாரசதியின் குரல்.

கினான் திரும்பினாள். வாசலில் சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தாள். சிரிப்பு போயிற்று. பின்வாங்கி அந்தக் கைகளுக்குள் ஒண்டிக்கொண்டாள்.

"அம்மா," என்றாள், இருட்டை அண்ணாந்து பார்த்து. "அங்க நிக்கிறது யாரும்மா?"