கயிறு மாற்றாத வண்டி

துரை எந்த வண்டியிலும் தானாக ஏறியதில்லை. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உள்ளே வைத்து, பின்பக்கத்தைத் தோளால் முட்டி, பிஸ்கட் காட்டிக் கெஞ்சி, கடைசியில் திட்டினால்தான் ஏறுவான். ராஜபாளையம் நாய். நின்றால் பொன்னியின் இடுப்புக்கு வருவான். உயரத்துக்குத் தகுந்த பிடிவாதம். அப்படிப்பட்டவன், தரகர் காசி பின்கதவைத் திறந்ததுமே அவளையும் கயிற்றோடு இழுத்துக்கொண்டு போய் ஒரே தாவில் உள்ளே ஏறிவிட்டான். எதிரெதிராக இருந்த இரண்டு பெஞ்ச் சீட்டுகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, இடது பக்கத்துச் சீட்டைப் பார்த்து வாலை ஆட்டினான். சீட்டில் ஒன்றும் இல்லை.

“பாத்தீங்களா டீச்சர், அதுக்கே புடிச்சிடுச்சு” என்றார் காசி. வியாபாரம் படியப்போகிற சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை.

பொன்னிக்கு இருந்தது. செங்கம் ரோட்டில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தவள், கீழ்பென்னாத்தூரைத் தாண்டி அப்பா விட்டுப்போன கொல்லை வீட்டுக்குக் குடிபோகிறாள். சுற்றிலும் வேர்க்கடலை. அடுத்த வீட்டு விளக்கு தெரியும், ஆனால் கத்திக் கூப்பிட்டாலும் கேட்காது. விவாகரத்துக்குப் பிறகு தனக்கென்று அவளிடம் மிச்சம் இருந்தது துரை ஒருவன்தான். கண் திறக்காத குட்டியாக வந்தவனைப் பாலாடையில் ஊட்டி வளர்த்தாள். அவன் வாசலில் படுத்திருந்தால் அந்த வீட்டில் அவளால் தூங்க முடியும். இல்லாவிட்டால் முடியாது.

பஸ்ஸில் அவனை ஏற்ற மாட்டார்கள். ஆட்டோக்காரர்கள் தூரத்தில் பார்க்கும்போதே கையை ஆட்டிவிடுவார்கள். அதனால்தான் ஒரு மாதமாகப் பழைய கார் தேடி அலைகிறாள். ஒரு காரில் துரை கழுத்தை மடக்கித்தான் நிற்க முடிந்தது. இன்னொன்று மண் ரோட்டில் அடி தட்டும். ஒரு வேனில் பின்பக்க ஜன்னல் திறக்கவே இல்லை. சித்திரை வெயிலில் நாய் வெந்துபோகும். இந்த டீசல் வண்டி நல்ல உயரம். நடு சீட்டை யாரோ கழற்றியிருந்ததால் டிரைவர் முதுகிலிருந்து பின்கதவு வரை ஒரே இடம். தரையில் ரப்பர் விரிப்பு. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் சேறும் நாய் முடியும் போய்விடும். தரையோடு ஒரு வளையம் அடித்து அதில் நீளமான சங்கிலிகூடத் தொங்கியது.

“நாய் வெச்சிருந்தாங்களா?”

“ஆமாங்க. அடி அண்ணாமலை பக்கம் ஒருத்தர். இப்ப இல்ல.”

“நாய்?”

“அது மொதல்ல செத்துப்போச்சு. அதுக்கப்புறம் அவரு வண்டி பின்னாடியே உக்காந்துன்னு இருப்பாரு. சாப்புடக் கூப்ட்டாலும் எறங்க மாட்டாரு.” காசி துரையைப் பார்த்தார். “ஜாஸ்தி தூரம் போவாதீங்க டீச்சர். மழ வர்றாப்புல இருக்குது.”

ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வண்டியின் அருமை பெருமைகளை அளந்துவிடுவதுதான் தரகர் வழக்கம். காசி சாவியைக் கொடுத்துவிட்டு, உள்ளே ஒரு வேலை இருப்பதாகச் சொல்லித் தன் ஷெட்டுக்குள் போய்விட்டார்.

துரையின் கயிறு காலை மழையின் சேற்றில் ஊறிச் சொதசொதவென்று இருந்தது. பொன்னி அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கிடந்த சங்கிலியை எடுத்து அவன் கழுத்துப் பட்டையில் மாட்டினாள். மாட்டும்போது கை கொஞ்சம் தயங்கியது. அப்பா சந்தைக்கு மாடு வாங்கப் போனால் புதுக் கயிற்றைக் கையோடு எடுத்துப்போவார். விற்றவன் கயிறு விற்றவனோடு போய்விட வேண்டும். யார் கயிறு கழுத்தில் இருக்கிறதோ அவன் பின்னால்தான் மாடு போகும் என்பார். அது மாட்டுக்குத்தானே, என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

கிரிவலப் பாதையில் திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. பௌர்ணமிக் கூட்டம் இல்லாத சாதாரண மாலைப்பொழுது. கடைகள் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்தன, வலது கைப் பக்கம் இருக்க வேண்டிய மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. கண்ணாடிகளை ஏற்றியதும் வண்டிக்குள் நாய் வாடையும் பழைய ரெக்சின் வாடையும் நிறைந்து, பிறகு அவற்றுக்கு அடியிலிருந்து வெற்றிலையும் சுண்ணாம்பும் பல நாள் குளிக்காத உடம்பும் கலந்த இன்னொரு வாடை மெல்ல மெல்ல மேலே வந்தது. பின்னால் சீட்டு ஸ்பிரிங் முனகியது. பள்ளத்தில் ஏறி இறங்கும்போது முனகினால் சரி. சமமான ரோட்டிலும் முனகியது, ஒருவர் வசதியாக உட்கார இடுப்பை நகர்த்தும்போது கேட்கிற மாதிரி.

“துரை.”

பெயரைச் சொன்னால் வால் தரையில் அடிக்கும். அடிக்கவில்லை. தூங்குகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடி அண்ணாமலைக்கு முன்பே இடது பக்கம் ஒரு மண் பாதை பிரிந்தது. கொல்லைப் பாதைக்கு வண்டி தாங்குமா என்று பார்க்கத்தானே வந்தோம் என்று அதில் இறக்கினாள். இரண்டு பக்கமும் நெல். ஆள் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுபோனது. சாவியைத் திருப்பினாள். டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. கண்ணாடியை இறக்கப் பார்த்தாள். கைப்பிடி சுற்றியது, கண்ணாடி இறங்கவில்லை.

மேலே இருந்த கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தாள். துரை இடது சீட்டில் தாடையை வைத்துக் கண் சொக்கிக் கிடந்தான். இல்லை, தாடை சீட்டில் படவில்லை. சீட்டுக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், ஒருவர் மடியில் வைத்ததுபோல் நின்றது. அதற்குக் கீழே ரெக்சின் குழியாக அமுங்கியிருந்தது.

பொன்னி போனை எடுத்துக் காசியைக் கூப்பிட்டாள்.

“காசிண்ணே, வண்டி நின்னுடுச்சு. பின்னாடி யாரோ…”

“நாய அந்தச் சங்கிலில மாட்டலியே டீச்சர்?”

“மாட்டிட்டேன்.”

அவர் ஷெட்டின் தகரத்தில் மழை விழுவது போனில் கேட்டது.

“கழட்டிப் போட்டுடணும்னுதான் பாத்தேன். நட்டு அசையல. இப்ப நான் சொல்றதக் கேளுங்க. நாய விட்டுட்டு நீங்க மட்டும் எறங்கி வந்துடுங்க.”

“துரைய விட்டுட்டா?”

“அது இனிமே உங்களுது இல்லீங்க.”

போனைத் தூக்கிப் பக்கத்துச் சீட்டில் எறிந்தாள். பயத்தை மீறிக் கோபம் வந்தது. பாலாடையில் ஊட்டியவள் அவள். காய்ச்சலில் கிடந்தபோது மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் அவள். அவளுடையது இல்லையாம். முன்சீட்டுகளுக்கு நடுவே உடம்பை நுழைத்து, அந்தக் குழி விழுந்த சீட்டைப் பார்க்காமல், சங்கிலிக் கொக்கியைத் தேடிக் கையை நீட்டினாள்.

“வாடா கண்ணு. நாம வீட்டுக்குப் போலாம்.”

துரை கண்ணைத் திறந்தான். வாசலில் நிற்கிற அந்நியரைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தான். உதடு மேலே ஏறியது. எத்தனையோ தடவை அவள் விரலை விட்டுச் சோற்றுப் பருக்கை எடுத்த பற்கள்.

உறுமினான்.

கையை இழுத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் விழுந்தாள். அழுகை வந்தது. போய்விடலாம். காசி சொன்னதுபோல் இறங்கி ஓடிவிடலாம். கதவுக் கைப்பிடியில் கையை வைத்தாள்.

சங்கிலி சரசரவென்று நீண்டது. உறுமல் அவள் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கழுத்தில் சூடான மூச்சு. கையை எடுத்தாள். உறுமல் நின்றது.

மறுபடி விரலை மட்டும் நகர்த்தினாள்.

பல் கழுத்துத் தோலில் பட்டது. கடிக்கவில்லை. தொட்டுக்கொண்டு நின்றது.

இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். பல் விலகியது.

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மழை விடவில்லை. கண்ணாடியில் துரையின் தலை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அந்தத் தலையில், காதுகளுக்கு நடுவே, முடி அமுங்கியது. ஐந்து கோடுகளாகப் பிரிந்தது. கோடுகள் மெதுவாகக் கழுத்து வரை இறங்கின. திரும்பவும் உச்சியிலிருந்து. திரும்பவும். சொன்ன பேச்சைக் கேட்ட நாயைத் தடவிக்கொடுக்கும் தடவல்.

பிறகு நின்றது.

இடது சீட்டின் குழி மேலே எழும்பிச் சமமானது.

வலது சீட்டு முனகியது. அவள் முதுகுக்கு நேர் பின்னால்.

வெற்றிலை வாடை.

பொன்னி மூச்சை அடக்கிக்கொண்டாள். அசையவில்லை. கண்ணை மூடவும் தைரியம் வரவில்லை. கண்ணாடியில் அவள் உச்சந்தலையில் முடி அமுங்கியது. ஐந்து கோடுகளாகப் பிரிந்து, அவசரமே இல்லாமல், பின்கழுத்து வரை இறங்கியது.