சருகுச் சட்டை

அந்தப் பெண் படத்தை மேசையில் வைத்தபோது லென்ஸ்காரர் அதைத் தொடவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார். பழைய போர்ப் படங்களில் இருக்கும் சீருடை எந்தப் படையுடையது என்று லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்வது அவர் தொழில். வருகிறவர்கள் ஏற்கெனவே ஒரு பதிலை முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள்.

"இது எங்க அப்பா," என்றாள். "ஆலைத் தெருவை எரிச்ச படையில இவரும் இருந்தார்னு சொல்லி, ஸ்டுடியோக்காரர் இந்தப் படத்தோட காப்பியை விசாரணைக் குழுவுல கொடுத்திருக்காரு. அப்பா எந்தப் படையிலயும் இல்ல சார். தையல் மெஷின் ரிப்பேர் பாத்தவரு. இப்போ பக்கவாதம், பேச்சு வராது. திங்கட்கிழமை ஸ்ட்ரெச்சர்ல வச்சாவது கொண்டு வரச் சொல்றாங்க."

படத்தில் ஓர் இளைஞன் ஸ்டுடியோ திரைக்கு முன்னால் விறைத்து நின்றான். உருமறைப்புச் சட்டையின் கைகள் விரல் முட்டிவரை இறங்கியிருந்தன.

"அத்தான், இது எல்லைப் படை சட்டை. பட்டை பட்டையா இருக்கு பாருங்க," என்றான் மச்சினன். வேறு வேலை கிடைக்கும்வரை என்று வந்து, இங்கேயே தங்கிவிட்டவன்.

"பட்டை உன் கண்ணுல இருக்கு. உதிர்ந்த இலை மாதிரி திட்டுத் திட்டா இருக்கே, இதுக்குப் பேர் சருகு அச்சு. ஆலைத் தெருவுக்குப் போன படைக்கு மட்டும்தான் கொடுத்தாங்க."

அவள் முகம் இறங்கியது. "அப்போ அப்பா..."

"சட்டை அந்தப் படையோடது. அவ்வளவுதான் சொன்னேன். வாங்க, ஸ்டுடியோவுக்குப் போவோம்."

ஸ்டுடியோக்காரர் கூன் விழுந்தும் உயரமாக இருந்தார். "அவங்கவங்க சட்டையிலதான் வந்தாங்க. நான் படம் மட்டும் எடுத்தேன். அந்தச் சட்டையைத் தொட்டதுகூட இல்ல. இன்னும் ரெண்டு பேர் படம் இருக்கு, வேணும்னா பாருங்க." சுவரின் உச்சியில் இருந்த படச் சட்டங்களை முக்காலி இல்லாமலே கையை நீட்டி எடுத்தார். ஒன்றில் ரொட்டிக் கடைக்காரர், இன்னொன்றில் தபால்காரர். இருவருமே செத்துப்போனவர்கள்.

லென்ஸ்காரர் மூன்று படங்களையும் ஸ்டுடியோ மேசையில் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"மாப்ள, இடது பையோட ஓரத்துல என்ன தெரியுது?"

"கிழிஞ்ச காது மாதிரி ஒரு திட்டு. பை அதைப் பாதியா வெட்டுது... அத்தான், மூணுலயும் அதே இடத்துல இருக்கு."

"சீருடை தைக்கிறவங்க துணியை அடுக்கி வச்சுக் கண்ணை மூடிக்கிட்டு வெட்டுவாங்க. திட்டு எங்க விழுதுன்னு எவனும் பாக்க மாட்டான். அதனால ஒரே அச்சுன்னாலும், ஒரு சட்டை மாதிரி இன்னொண்ணு இருக்காது. இது மூணு பேரோட சட்டை இல்ல. ஒரே சட்டை."

ஸ்டுடியோக்காரர் படங்களைத் திரும்ப எடுக்கக் கையை நீட்டினார். லென்ஸ்காரர் விடவில்லை.

"அந்தப் படையில ஒரு சட்டை தொலைஞ்சாலும் ஜெயில். அதை யாரும் தெருவுல இரவல் கொடுத்திருக்க மாட்டாங்க. மூணு தடவையும் சட்டை பக்கத்துல இருந்தவர், கேமராவுக்குப் பின்னால நின்னவர் ஒருத்தர்தான். மூணு பேருக்கும் சட்டைக் கை நீளமா இருக்கு. உங்களுக்குச் சரியா இருந்திருக்கும். படம் எடுக்கிறவர் இல்லையா, முகத்தைப் பாத்தீங்க, துணியைப் பாக்கல. பாத்திருந்தா மத்த ரெண்டு படத்தையும் நீங்களே எடுத்துத் தந்திருக்க மாட்டீங்க."

"படையிலிருந்து லீவுல வரும்போது கடையையும் பாத்துக்குவேன்," என்றார் ஸ்டுடியோக்காரர், உட்கார்ந்துகொண்டே. "இந்தத் தெரு ஆள் ஒருத்தன் அந்தப் படையில இருந்தான்னு குழுவுக்குத் தெரிஞ்சுபோச்சு. குழு முன்னாடி நிறுத்த யாரையாவது காட்டணும். உயிரோட இருந்து பேச முடியாதவர் அவர் ஒருத்தர்தான்."

"ச்சீ," என்றான் மச்சினன்.

அந்தப் பெண் படத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "அப்பா பாவம். என்னன்னு தெரியாம போட்டிருக்காரு."

"தெரியாமலா?" ஸ்டுடியோக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆலைத் தெரு எரிஞ்ச மறுவாரம் நான் லீவுல வந்தேன். அங்க நான் போட்டிருந்த சட்டையை ஒரு தடவை போட்டுப் பாக்கணும்னு வரிசையா நின்னாங்கம்மா. முதல் ஆளு உங்க அப்பா."

மச்சினன் லென்ஸ்காரரைப் பார்த்தான். அவர் படச் சட்டங்களைச் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"இதையும் எழுதுவீங்களா சார்?" என்றாள்.

"சட்டை யாரோடதுன்னுதான் என்னைக் கேட்டீங்க. அதை எழுதித் தர்றேன். உங்க அப்பா பேரைக் குழு நீக்கிடும்."

அவள் தலையாட்டினாள். அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்ட நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அப்பாவின் படம் மேசையில் கிடந்தது. மச்சினன் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடப் பார்த்தான்.

"விடு," என்றார் லென்ஸ்காரர்.